மேல் டிவிசன் பள்ளிக்கூட மணி

தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே,

போன மாதம் சங்கக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு மாலை போட்டீர்கள். சந்தோஷம். போட்ட கையோடு, "துரைமாரோட பேச்சுவார்த்தைக்குப் போன கதையை எழுதிக் குடுங்க மாஸ்டர்" என்று ஒரு வேலையும் கொடுத்துவிட்டீர்கள். நான் எட்டாம் வகுப்போடு வாத்தியாரானவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நெருக்கடி வரும்போது எதைக் கையில் பிடிப்பது, எதை விடுவது என்று நான் கண்ட ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அதைச் சரியாகச் சொல்லி முடிக்க முருகன் துணையிருக்க வேண்டும்.

எங்கள் தோட்டம் ஹட்டனுக்கு மேலே. கீழ் டிவிசன் பள்ளிக்கூடத்தில் நான். மேல் டிவிசனில் பிலோமினா டீச்சர். இரண்டுமே ஒரே ஒரு அறை, ஒரே ஒரு ஆசிரியர், ஐந்து வகுப்பு. மணி என்று சொல்ல ஒரு தண்டவாளத் துண்டு வாசலில் கம்பியில் தொங்கும். காலையில் அவர்தான் முதலில் அடிப்பார். பனிக்குள்ளே அந்தச் சத்தம் இறங்கி வரும். அதைக் கேட்ட பிறகு நான் அடிப்பேன். யாரும் போட்ட சட்டம் இல்லை. அவரிடம் கைக்கடிகாரம் இருந்தது, என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நமக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். அதனால் படிப்பிப்பது மட்டும் நம் வேலை இல்லை. விடிகாலையில் தப்புச் சத்தம் கேட்டதும் பெரட்டுக் களத்துக்குப் போய், ஆட்கள் வரிசையாக நிற்கையில் கிளாக்கரோடு சேர்ந்து பேர் கூப்பிட வேண்டும். எனக்கு இழுப்பு வியாதி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தப் பனியில் நிற்கும்போது ஒவ்வொரு நாளும் பழனியாண்டவரைக் கூப்பிட்டுத்தான் மூச்சு விடுவேன். சித்திரை மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி வரும் மாதங்களில் இன்னொரு வேலையும் சேரும். பள்ளிக்கூடத்தைப் பாதியிலே மூடிவிட்டு மலைக்குப் போய்க் கொழுந்து நிறுக்கத் தராசு பிடிக்க வேண்டும். வாத்தியார் மலைக்குப் போனால் பிள்ளைகள் எங்கே போகும்? அதுகளும் மலைக்குத்தான். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. அதனால் பிள்ளையின் பேர் சம்பளம் போடுகிற செக்ரோல் புத்தகத்தில் ஏறாது. பிள்ளை பறித்த கொழுந்து தாயின் கூடையில் விழும். தோட்டத்துக்கும் லாபம், தாய்க்கும் கொஞ்சம் கைக்காசு. ஆகையால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

திறந்தவர் பிலோமினா டீச்சர்.

ஒரு நாள் காலையில், மணி அடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மேல் டிவிசன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

"டீச்சரம்மா, நாலாம் வகுப்பையும் அஞ்சாம் வகுப்பையும் இப்பவே அனுப்பிடுங்க. பன்னெண்டாம் நம்பர் மலையில கொழுந்து முத்திக்கிட்டு நிக்குது."

"இது ஸ்கூல் நேரம், கண்டாக்கையா."

"நான் சொல்லல. பெரிய துரை சொன்னாரு."

"அப்ப துரையோட மகனையும் நுவரெலியா ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நான் எல்லாரையும் சேர்த்து வரிசையா அனுப்புறேன்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிரித்ததுதான் வினை. கண்டாக்கு பங்களாவுக்குப் போய் என்ன சொன்னாரோ தெரியாது. அந்த வாரமே டீச்சருக்குப் பத்துச்சீட்டு வந்துவிட்டது. வேலை போச்சு, மாதம் முடிவதற்குள் குவாட்டஸையும் விட வேண்டும். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்துப் படுத்த படுக்கையாகிவிட்ட அவருடைய அப்பாவும் அந்தக் குவாட்டஸில்தான் இருந்தார். பள்ளிக்கூட அறைக்குள் கூரை முட்ட உர மூட்டைகளை அடுக்கி, தண்டவாளத் துண்டையும் கழற்றி உள்ளே போட்டுப் பூட்டிவிட்டார்கள். மேல் டிவிசன் பிள்ளைகளுக்கு இனிப் பள்ளிக்கூடமே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நம் ஆசிரியர் சங்கம் கொதித்தது. எங்கள் செயலாளர் டயகமப் பக்கத்து இளைஞர், நல்ல பேச்சாளி. "இதை விட்டா நாளைக்கு நம்ம எல்லாருக்கும் இதே கதிதான். வேலைநிறுத்தம்!" என்றார். எல்லாரும் கை தூக்கினோம். திங்கட்கிழமை சுற்றுவட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடமும் திறக்கவில்லை. பெரட்டும் தராசும் தோட்டத்து வேலை என்று அதற்கு மட்டும் வழக்கம்போல் போனோம்.

இங்கேதான் நம் தொழிலில் மட்டும் வரக்கூடிய தவறு நடந்தது. ஸ்டோர் ஆட்கள் வேலையை நிறுத்தினால் தேயிலை நிற்கும். கொழுந்துக்காரர்கள் நிறுத்தினால் மலை முற்றிப்போகும். நாங்கள் நிறுத்தியதும் என்ன ஆனது? பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் காலையிலேயே மலைக்குப் போய்விட்டார்கள். துரைமாருக்குத் தீபாவளி! எங்கள் பெரிய கிளாக்கர் என்னை ரோட்டில் கண்டு கேலியாகச் சொன்னார், "வாத்தியாரே, துரை கேக்கச் சொன்னாரு. இந்த ஸ்டிரைக்கை கொழுந்து மாசம் முடியிற வரைக்கும் நீட்ட முடியுமான்னு."



ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் ஒரு சைவக்கடை மாடியில் கூட்டம். வேலைநிறுத்தத்தை இன்னும் கடுமையாக்குவது எப்படி என்று பேச்சு. அப்போது மாதா கோயிலில் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டோடு பிலோமினா டீச்சர் படியேறி வந்தார். தன் பேரைச் சொல்லி எல்லாரும் போராடுகிறார்களே என்று நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"என் பேர்ல ஸ்கூலை மூடாதீங்க."

"டீச்சர், உங்களுக்காகத்தானே..."

"எனக்குத் தெரியும் தம்பி. கோயிலுக்கு வர்ற வழியில மாதர் சங்கத் தலைவி பேச்சாயி என்னைப் புடிச்சுக்கிட்டா. 'டீச்சரு, புள்ளைய மலைக்குக் கூட்டிட்டுப் போகாதேன்னு நீ சொன்னே, சரின்னு நெனச்சேன். இப்ப நீங்களே ஸ்கூலை மூடிட்டீங்க. நீங்களே வேணாம்னு மூடினதுக்கு நான் எதுக்கு என் கைக்காசை விடணும்?'னு கேட்டா. நான் என்ன பதில் சொல்ல? துரை பூட்டினது ஒரு ஸ்கூல். நாம பூட்டினது எத்தனை?"

கீழே தோசைக்கல்லில் மாவு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்றார் செயலாளர், கொஞ்சம் கோபமாகவே.

"திறங்க. முழு நேரமும் திறங்க. கடைசி மணி அடிக்கிற வரைக்கும் ஒரு நிமிஷம் முந்தி விடாதீங்க. தராசு புடிக்க யாரு வர்றான்னு பார்ப்போம்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் நிறுத்த வேண்டியது நம் வேலையை அல்ல. நம் தலையில் கட்டிய வேலையை. மறுநாளிலிருந்து எல்லாப் பள்ளிக்கூடமும் திறந்தது. கொழுந்து நிறுக்கக் கூப்பிட ஆள் வந்தால், "பாடம் நடக்குதுங்க, மணி அடிச்ச பிறகு வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினோம். தொழிலாளர் லயத்துப் பெரியவர் ஒருவர் சிரித்தார், "ஊர்ல எல்லாரும் வேலைய நிப்பாட்டிச் சண்டை போடுவாங்க. நீங்க வேலையச் செஞ்சு சண்டை போடுறீங்களே வாத்தியாரே!"

மேல் டிவிசன் பிள்ளைகளுக்கு இடம்? மாரியம்மன் கோயில் மண்டபம் இருந்தது. தோட்டத்து மண்தான், ஆனாலும் கோயிலில் கை வைக்க எந்தத் துரையும் யோசிப்பார். கோயில் கமிட்டியில் நானும் ஒருவன். கேட்கப் போனேன். "வேதக்கார டீச்சரை உள்ள விடுறதா?" என்று ஒருவர் இழுத்தார். பூசாரிக்கு வந்ததே கோபம்.

"ஆத்தாளுக்கு நம்ம அழுகையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்கும்யா. கொஞ்ச நாள் வாய்ப்பாடு கேட்கட்டும்."

டீச்சர் செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு, வாசலில் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கோயில் மணியை அடித்துப் பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார் பூசாரி. டீச்சர் மாட்டேன் என்றுவிட்டார். "அது அம்மாவைக் கூப்பிடுற மணி, அய்யா. என் மணி உள்ளே உர மூட்டைக்கு அடியில கிடக்கு. அது வரட்டும்." அதுவரைக்கும் கைதட்டித்தான் கூப்பிட்டார். கீழே எனக்குக் கேட்காது. காலையில் பழக்கத்துக்கு மேலே பார்த்துக் காது கொடுப்பேன். பனிதான் இருக்கும். பிறகு நானாக அடிப்பேன்.

பேச்சாயி முதலில் தன் மகளை அனுப்பவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தானே கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாள். "என் கூடை நெறையலேன்னா டீச்சரு வந்து நெறச்சுக் குடுக்கணும், ஆமா" என்று மிரட்டிவிட்டுத்தான் போனாளாம். அவள் விட்டதும் மற்றத் தாய்மாரும் விட்டார்கள்.

மலையில் தராசு பிடிக்க ஆள் குறைந்தது. எழுதத் தெரிந்த கங்காணிமார் மெதுவாகத்தான் எடை போட்டார்கள். கொழுந்து சாக்கிலே கிடந்து சூடேறிச் சிவந்து கெட்டது. ஸ்டோரிலிருந்து டீமேக்கர் ஐயா பங்களாவுக்கு ஓடினார். அப்புறம் தொழில் தகராறு தீர்க்கிற லேபர் கந்தோரிலிருந்து பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது.

எங்கள் பக்கம் செயலாளரும் நானும். அந்தப் பக்கம் எங்கள் பெரிய துரையும் இன்னும் இரண்டு தோட்டத்துத் துரைமாரும். நடுவில் லேபர் கந்தோர் அதிகாரி மாத்தயா, சிங்களவர், சாந்தமான மனிதர். எங்கள் கோரிக்கை மூன்று. பிலோமினா டீச்சருக்கு அதே பள்ளிக்கூடம் திரும்ப வேண்டும். கடைசி மணி அடிக்கும் வரை ஒரு பிள்ளையையும் மலைக்குக் கூப்பிடக் கூடாது. ஆசிரியர்களைப் பெரட்டிலிருந்தும் தராசிலிருந்தும் விட வேண்டும்.

எங்கள் துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். என்னைப் பார்த்துச் சொன்னார், "வாத்தியார், நான் கெட்ட ஆள் இல்லை. பெரட்டு வேண்டாமா? சரி. தராசு வேண்டாமா? சரி. எல்லா வாத்தியாருக்கும் விடுதலை. இந்த மூணு துரையும் கையெழுத்துப் போடும்."

செயலாளர் என் தொடையை மேசைக்கு அடியில் அழுத்தினார். இத்தனை வருடம் யாரும் வாங்காத ஒன்று!

"அந்த டீச்சர் மட்டும் இந்தத் தோட்டத்தில் வேண்டாம். வலப்பனைப் பக்கம் என் சிநேகிதர் தோட்டத்தில் வேலை இருக்கு, குவாட்டஸ் இருக்கு. அனுப்புறேன். மேல் டிவிசன் பிள்ளை உன் ஸ்கூலுக்கு நடந்து வரட்டும்."

யோசிக்க நேரம் கேட்டு வெளியே வந்தோம். கந்தோர் வாசலில் பால் போடாத சாயத்தண்ணி வாங்கிக் குடித்தோம். தம்பிமாரே, உண்மையைச் சொல்கிறேன், என் நெஞ்சு அந்தப் பெரட்டு இல்லாத காலையை நினைத்து ஏங்கியது. மழை மூடிய மலையைப் பார்த்து "முருகா" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. எப்பவும் அப்படித்தான். பதிலைச் சொல்ல மாட்டான், கேள்வியைத் தெளிவாக்கிவிட்டுப் போய்விடுவான்.

"மாஸ்டர், ஏத்துக்குவோம்," என்றார் செயலாளர். "டீச்சருக்கு நட்டம் ஒண்ணும் இல்லையே. வேற பள்ளிக்கூடம் கிடைக்குது."

"டீச்சருக்கு வேற பள்ளிக்கூடம் கிடைக்குது தம்பி. மேல் டிவிசனுக்கு வேற டீச்சர் கிடைக்குதா?"

நான் விடவில்லை.

"புள்ளைங்களைக் கூப்பிடக் கூடாதுங்கிற பேச்சையே அவர் எடுக்கல, கவனிச்சியா? இன்னைக்கு டீச்சரைத் தூக்கி அனுப்பிட்டா, இனி எந்த வாத்தியார் புள்ளைய அனுப்ப மாட்டேன்னு சொல்லுவான்? இன்னைக்கு அவங்களை வித்து நாம ஒண்ணு வாங்குறோம். நாளைக்கு உன்னை வித்து இன்னொருத்தன் வாங்குவான்."

"அப்ப மூணையும் கேட்டு அடம் பிடிப்போம்!"

"கொழுந்து மாசம் முடியப் போகுது. அது முடிஞ்சா அவங்களுக்குத் தராசுக்கு ஆள் வேணாம். நம்ம கையில அதுக்கப்புறம் என்ன இருக்கு?"

அவர் சாயத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மூணாவதை விட்டா, நம்ம ஆளுங்க நம்மளக் கொன்னுடுவாங்க மாஸ்டர்."

"திட்டுவாங்க. கொல்ல மாட்டாங்க."

உள்ளே போனதும் நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் செயலாளர் எழுந்துவிட்டார். எப்போதும் மேடையில் முழங்குகிற குரல், அன்றைக்கு அடங்கித்தான் வந்தது.

"துரை, நீங்க குடுக்கிறதை நீங்களே வச்சுக்குங்க. பெரட்டுக்கு வர்றோம். மணி அடிச்ச பிறகு தராசும் பிடிக்கிறோம். டீச்சரை அதே ஸ்கூல்ல விடுங்க. மணிக்கு முந்திப் புள்ளைங்களைத் தொடாதீங்க. அது போதும்."

துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாத்தியார், உனக்குப் பெரட்டு அவ்வளவு பிடிக்குமா?"

"பிடிக்காதுங்க துரை. ஆனா நாங்க பெரட்டுல நின்னு பழகிட்டோம். புள்ளைங்க மலையில நின்னு பழகிடக் கூடாதுங்க."

லேபர் கந்தோர் மாத்தயா தலையைக் குனிந்துகொண்டு சிங்களத்தில் "ஹரி, ஹரி", சரி சரி, என்றார். சிரிப்பை மறைக்கிறார் என்று தெரிந்தது. பிறகு துரைமாரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சின்னப் பிள்ளைகளைப் பற்றிய சட்டம் என்று மட்டும் எனக்குப் பிடிபட்டது. ஒரு துரை ஜன்னல் பக்கம் பார்த்தார். எங்கள் துரை பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

சங்கக் கூட்டத்தில் எங்களுக்கு மாலை போடவில்லை. "எங்க பெரட்டை எழுதிக் குடுக்க நீங்க யாருங்க?" என்று பொல்பிட்டியப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எழுந்து கத்தினார். அவர் கேட்டது நியாயம். பேசப் போகிறவன் திட்டு வாங்கத் தயாராகத்தான் போக வேண்டும். கடைசியில் பிலோமினா டீச்சர் எழுந்து, "நான் அவங்ககிட்ட இதைக் கேக்கல. கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா செஞ்சுட்டாங்க. அடுத்த தடவை பெரட்டுக்காகப் போகும்போது முன்னால நான் நிக்கிறேன்" என்றார். சொன்னபடி நின்றார். சில வருடம் கழித்துப் பெரட்டும் போயிற்று, தராசும் போயிற்று. அப்போது பொல்பிட்டியக்காரரும் எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒருவரையும் விட்டுக்கொடுக்காத சங்கம் என்று பேர் வாங்கியிருந்ததால் தாய்மாரும் கூட நின்றார்கள். அது வேறு கதை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மேசையில் கேட்டது எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகக் கிடைத்தால், எதை எடுக்க அதைத் தருகிறார்கள் என்று பாருங்கள். பலருக்கு நன்மை என்று சொல்லி ஒருத்தரை விடச் சொன்னால், அந்த ஒருத்தர் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒப்பந்தம் ஆன மறுநாள் உர மூட்டைகளை இறக்கச் சொல்லி துரையே ஆள் அனுப்பினார். ஆட்கள் வேலை முடிந்து போன பிறகு பேச்சாயியும் மற்றப் பெண்களும் தண்ணீர் ஊற்றி அறையைக் கழுவினார்கள். எவ்வளவு கழுவியும் நெடி போகவில்லையாம். "புள்ளைங்க தும்மிக்கிட்டேதான் படிக்கணும், அதுக்கு என்ன செய்ய" என்றார் டீச்சர்.

அதற்கடுத்த நாள் விடிகாலை. தப்புச் சத்தம் கேட்டதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். நல்ல பனி. இழுப்பு வாங்கியது. பேர் கூப்பிட்டு முடித்து, பள்ளிக்கூடத்தைத் திறந்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். சுத்தியலைக் கையில் எடுத்தேன். அடிக்கவில்லை.

"சார், மணி அடிக்கலையா?" என்றாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி.

"பொறும்மா."

பனிக்குள்ளே மேலேயிருந்து இறங்கி வந்தது, டங் டங் என்று. அதே தண்டவாளத் துண்டு. கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு நானும் அடித்தேன்.